பசிக்கும் டெலிவரி தேதி உண்டு

ஆர்டர் உறுதியான நாளிலிருந்து சரக்கு கப்பல் ஏறும் நாள் வரை, நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஓடுகிற ஊர் திருப்பூர். நாலு நாள் பிந்தினால் கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பிக் கைக்காசை இழக்க நேரும் என்பது இங்கே புதிதாகச் சேர்ந்த ஹெல்பருக்குக்கூடத் தெரியும். உணவு வங்கிக்கு வேண்டிய முதல் தகுதியும் இந்தத் தேதி ஒழுங்குதான். இரக்கம் எல்லா ஊரிலும் உண்டு. மிஞ்சிய சாப்பாட்டை நேரத்துக்குள் எடுத்து, சோதித்து, பிரித்து, சரியான வாசலில் கொண்டுபோய் இறக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இல்லை. திருப்பூரில் சரக்கை அப்படிக் கையாளுவது லட்சக்கணக்கானோரின் அன்றாடத் தொழில்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே வாரத்தில் சில மணி நேரம் பசிக்கு எதிராக உழைக்க விரும்புகிறவர்கள், இதையே முழுநேர வேலையாக எடுக்கலாமா என்று யோசிக்கும் பட்டதாரிகள், "நம்ம கம்பெனி என்ன செய்யலாம்" என்று கேட்கும் ஹெச்.ஆர். அலுவலர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இந்தக் கட்டுரை. மூவருக்கும் சொல்வது ஒன்றுதான். தொழிலில் காட்டும் ஒழுங்கை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். அதற்குக் குறைந்த எதையும் பசித்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

பசி எந்த வாசலில் இருக்கிறது

பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் இருக்கும் பசி கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே பொட்டலம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சில நாட்களில் ஒரே ஆளுக்கு மூன்று பொட்டலம்கூட வந்துவிடும். திருப்பூரின் பெரும்பசி அங்கே இல்லை. அது அனுப்பர்பாளையம், அங்கேரிபாளையம், வீரபாண்டி, மங்கலம், பெருமாநல்லூர்ப் பக்கத்து லைன் வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது.

காரணம் சம்பளம் வரும் முறை. இங்கே பெரும்பாலோருக்கு வாரச் சம்பளம், பலருக்குப் பீஸ் ரேட். பீஸ் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. சீசனில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து நிமிர்ந்த குடும்பம், ஆர்டர் குறைந்த மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலையோடு நின்றுவிடும். வாடகையைத் தள்ளிப் போட முடியாது, வட்டியைத் தள்ளிப் போட முடியாது. குறைக்க முடிந்தது சாப்பாடு மட்டும்தான். முதலில் முட்டையும் காயும் போகும், அடுத்துப் பருப்பு, பிறகு காலைச் சாப்பாடு. அம்மா கடைசியாகச் சாப்பிடுவாள், சில இரவுகளில் சாப்பிட்டதாகச் சொல்வாள்.

இந்த ஊரில் வேலை நின்ற நாட்களின் பட்டியல் நீளமானது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலைக் காப்பாற்ற வேண்டிய உத்தரவுதான், ஆனாலும் பட்டறையில் நின்றவர்களின் அடுத்த வாரச் சம்பளத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. 2020 மார்ச் 25 ஊரடங்கில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் அறைகளில் அடைபட்டார்கள், மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கும்வரை. 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் நின்றன. அதே ஆண்டு மே மாதம் நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துப் பனியன் கம்பெனிகள் கதவடைத்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் தள்ளிப் போயின. பசி இங்கே முன்னறிவிப்போடு வருகிறது என்பதற்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். செய்தித்தாளின் வணிகப் பக்கம் படிக்கிற எவரும், எந்த மாதம் எந்தத் தெருவில் அடுப்பு அணையும் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். அதைச் சொல்லக்கூடிய ஆள்தான் உணவு வங்கிக்குத் தேவை.

வயிறு நிறைந்தும் பசி இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. நாள் முழுக்க ஓவர்லாக் மெஷின் முன் உட்காரும் பெண் மதியம் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஓட்டுகிறாள் என்றால், அவளுக்கு நாம் கொண்டுபோகும் இன்னொரு பொட்டலம் வெள்ளைச் சோறு பெரிய உதவி அல்ல.

முதல் வேலை: உரிமையைச் சேர்த்துக் கொடுப்பது

புதிதாக வரும் தன்னார்வலர்கள் உடனே வண்டி ஏறிப் பொட்டலம் கொடுக்க ஆசைப்படுவார்கள். நான் வேறொன்றை முன்னால் வைப்பேன். அரசு ஏற்கெனவே கொடுப்பதை ஒரு குடும்பம் வாங்குகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்தின் அட்டை ஊரில் மாமியாரிடம் இருக்கும். அந்த அட்டைக்கு உரிய பொருளை இங்கே எப்படி வாங்குவது, முகவரியை எப்படி மாற்றுவது என்று கூட இருந்து முடித்துக் கொடுத்தால், அது மாதா மாதம் வரும். பொட்டலம் ஒரு வேளைக்கு.

வடமாநிலத் தொழிலாளிக்கும் இதே கதைதான். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டை வைத்திருப்பவர் கைரேகை வைத்து இங்குள்ள நியாய விலைக் கடையிலேயே தன் பங்கு தானியத்தை வாங்கலாம். குடும்பம் ஊரில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டால் மீதியை இவர் இங்கே வாங்க முடியும். இந்த விஷயம் தெரியாமல் மளிகைக் கடையில் கடன் வைத்து அரிசி வாங்குகிறவர்கள் நிறைய. "கானா காயா?" (சாப்பிட்டீர்களா?) என்று இந்தியில் கேட்கத் தெரிந்த, ரேஷன் கடைக்காரரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு தன்னார்வலர், நூறு பொட்டலம் கொடுப்பவரைவிட அதிகம் சாதிப்பார்.

அம்மா உணவகமும் உங்கள் வரைபடத்தில் இருக்கட்டும். 2013-ல் சென்னையில் தொடங்கி அதே ஆண்டு மற்ற மாநகராட்சிகளுக்கும் விரிந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று ஆரம்பித்த இடம் அது. காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடும் கௌரவம் அங்கே இருக்கிறது. வேலை இல்லாத வாரத்தில் ஒருவருக்கு அங்கே போகும் வழியைக் காட்டுவது கூச்சமில்லாத உதவி.

மண்டபத்திலிருந்து இரவு ஒன்பதரைக்கு ஒரு அழைப்பு

சமைத்த உணவை மீட்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோவையில் பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 2014 அக்டோபர் 16, உலக உணவு நாளன்று 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். திருமணம், விருந்துகளில் பந்திக்கு வராமல் மிஞ்சிய உணவை வாங்கி, பசி இருக்கும் இடங்களுக்குக் கொண்டுபோவது வேலை. அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, பசி இருக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்து வரைபடமாக வைத்துக்கொண்டது. உணவு வந்த பிறகு ஆள் தேடினால் உணவு கெட்டுவிடும். ஆள் இருக்கும் இடம் முதலிலேயே தெரிந்திருந்தால், மிச்சமிருப்பது வண்டி மட்டும்தான்.

உணவு வங்கி என்ற பெயரில் முதலில் இயங்கியது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்து செயின்ட் மேரிஸ் உணவு வங்கி. ஜான் வான் ஹெங்கல் 1967-ல் தொடங்கினார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால், 1867 மே 23-ல், வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே சமைத்தே கொடுத்தார்கள், ஃபீனிக்ஸில் வீணாவதைச் சேமித்துக் கொடுத்தார்கள். திருப்பூருக்கு இரண்டும் வேண்டும்.

இப்போது ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாள். அவிநாசி ரோட்டு மண்டபத்திலிருந்து அழைப்பு: 150 பேருக்குச் சாப்பாடு மிச்சம். உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" அல்ல.

"எத்தனை மணிக்கு வடிச்சதுங்க?"

"சாயங்காலம் அஞ்சரை இருக்குங்க."

"அண்டாவுல மூடியே இருக்குதுங்களா, பந்திக்கு எடுத்துப் போன வாளியில இருக்குதுங்களா?"

"ரெண்டும் இருக்குதுங்க தம்பி."

"அண்டாவுல இருக்கிறத மட்டும் தனியா வச்சிருங்கண்ணா. வாளியில இருக்கிறது வேண்டாம். தேங்காச் சட்னி, தயிர் சாதமும் வேண்டாங்க."

இந்தச் சில வரிகளைத் தயங்காமல் பேசக் கற்றுக்கொண்டவர் பாதி வேலையை முடித்துவிட்டார். மீதியை உணவின் வெப்பம் சொல்லும். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழ் என்ற இடைவெளி கிருமிகள் பெருகும் பகுதி. தோதான சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சூடான உணவு 60-க்கு மேலேயே இருக்க வேண்டும். குளிர்ந்த உணவு 5-க்குக் கீழே. குத்திப் பார்க்கும் வெப்பமானி விலை உயர்ந்த பொருள் அல்ல, வண்டிக்கு ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மோந்து பார்ப்பதும் ஒரு வாய் ருசிப்பதும் நல்ல பழக்கம், ஆனால் போதாது.

சோற்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மிஞ்சுவது பெரும்பாலும் சோறு. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசியோடு வந்து, கொதியிலும் சாகாமல் இருக்கும். வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. "ஒரு கொதி விட்டாச் சரியாப் போயிரும்" என்று சமையல் மாஸ்டர் சொல்வார். நல்ல மனிதராக இருப்பார், அனுபவசாலியாகவும் இருப்பார். அவரிடம் மரியாதையாக மறுத்துவிட்டு வரத் தெரிய வேண்டும். பெரிய அண்டாவில் ஆழமாக இருக்கும் சோறு ஆற வெகுநேரம் ஆகும் என்பதால் நடுவில் குத்திப் பாருங்கள், மேலே பார்த்தது கணக்கில் வராது. வெப்பம் குறைந்து இரண்டு மணி நேரம் தாண்டிய சோற்றை எடுக்காதீர்கள். நான்கு இடத்துக்குப் போய் ஒரு இடத்தில் வெறும் கையோடு திரும்புவது ஒழுங்காக வேலை நடக்கிறது என்பதன் அடையாளம்.

செக்கிங்கில் வேலை பார்த்த பெண்கள் இந்த இடத்துக்கு மிகப் பொருத்தம். ஒரு பீஸில் ஓட்டை இருந்தால் பேக்கிங்குக்கு விடக்கூடாது என்பது அவர்கள் கைக்குப் பழகிப்போன ஒழுக்கம். அளவெடுத்துப் பார்த்து, தகுதியில்லாததைத் தனியாக எடுத்து வைத்து, காரணத்தை எழுதி வைப்பார்கள். ஆனால் பெரும்பாலான குழுக்களில் பெண்களைப் பரிமாற நிறுத்திவிட்டு, எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை ஆண்கள் எடுக்கிறார்கள். இதை மாற்ற வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் செக்கிங் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மிகை உணவை மீட்டுப் பகிர்வதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2019-ல் தனி ஒழுங்குமுறையே வெளியிட்டது. பகிரும் அமைப்பு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்ற விவரம் உணவோடு போக வேண்டும். பதிவேடு வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் பதிவுக்கான வழியைக் கேளுங்கள். கார்ட்டன் பாக்ஸில் ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு சரக்கும் வெளியே போகாத ஊருக்கு இது சிரமமே இல்லை.

பாத்திரத்துக்கும் அலைய வேண்டாம். பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையம் நம் ஊரிலேயே இருக்கிறது. மூடி இறுகும் எவர்சில்வர் போசிகளை அங்கே வாங்குங்கள். சூடான சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டும் வழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

மண்டபம் நிறைவதும் வயிறு காய்வதும் வேறு வேறு மாதம்

சமைத்த உணவை மீட்பதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைப் பேசாமல் விட்டால் குழுக்கள் சோர்ந்துவிடும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் குவியும், ஒரே இரவில் ஐந்து அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் தொலைபேசி மணி அடிக்காது. பசிக்கு இந்தக் கணக்கு இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் போனஸ் கரைந்து கடனோடு திரும்பும் வாரம், ஜூனில் பள்ளிச் செலவு வரும் வாரம், ஆர்டர் இல்லாத வாரம் என்று அதற்குத் தனி நாட்காட்டி.

அதில் எல்லோரும் கவனிக்கத் தவறும் மாதம் மே. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் குழந்தைக்கு மதியச் சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆக, பள்ளி நடக்கும் நாளில் ஒரு குழந்தைக்கு இரண்டு வேளை உறுதி. கோடை விடுமுறையில் அந்த இரண்டு வேளையும் வீட்டின் தலையில் வந்து விழும். அப்பா, அம்மா இருவரும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய்விட்ட லைன் வீட்டில், பத்து வயது அக்கா தம்பிக்கு என்ன கொடுப்பாள்? திருப்பூரில் ஓர் உணவு வங்கி ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டம்தான் நடத்த முடியும் என்றால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை குழந்தைகளுக்கு மதிய உணவு நடத்துங்கள் என்பேன்.

இதற்கெல்லாம் கை கொடுப்பது உலர் பொருள் இருப்பு. இங்கேதான் 'வங்கி' என்ற பெயருக்கு வேலை வருகிறது. வீடுகளுக்குக் கொடுக்கும் உலர் பொருள் கிட்டில் என்ன வைப்பது என்று முடிவு செய்யும்போது வாங்குபவர் யார் என்று பாருங்கள். ரேஷன் அட்டை உள்ள உள்ளூர்க் குடும்பத்துக்கு அரிசி ஓரளவு இருக்கும். துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, எண்ணெய், முட்டைக்கு ஏற்பாடு, இவைதான் பற்றாக்குறை. வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைக்கு ஆட்டா, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடுகு எண்ணெய். அவர்களுக்கு இட்லி அரிசி கொடுத்துவிட்டு வந்தால் அது மூலையில் கிடக்கும். சமைக்க அடுப்பும் எரிவாயுவும் இருக்கிறதா என்று கேட்காமல் பருப்பு கொடுப்பதும் வீண். சில வீடுகளுக்கு அந்த வாரத் தேவை அரிசி பருப்பு அல்ல, 5 கிலோ சிலிண்டர்தான்.

இருப்பைக் கையாளுவது ஸ்டோர்ஸ் வேலை பார்த்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வந்தது முதலில் போகட்டும். காலாவதி தேதிப்படி அடுக்குங்கள். மூட்டைகள் தரையில் படாமல் மரப்பலகைமேல், சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். மாதம் ஒருமுறை கையிருப்பு எண்ணுங்கள். வண்டு விழுந்ததை "ஏழைங்க வாங்கிக்குவாங்க" என்று அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகாத பொருள் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது.

கம்பெனி என்ன செய்யலாம்

முதலில் சொந்தக் கூரையின் கீழ் பாருங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 250 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் கேன்டீன் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் என்கிறது. திருப்பூரில் பவர் டேபிள், ஜாப் ஒர்க் என்று 30, 40 பேரோடு நடக்கும் இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை இந்த வரம்புக்குள் வராது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு யூனிட்கள் சேர்ந்து ஒரே சமையலறை வைத்து, பயறும் முட்டையும் உள்ள மதியச் சாப்பாட்டைக் குறைந்த விலைக்குப் போட்டால், வெளியே உணவு வங்கிக்கு நன்கொடை கொடுப்பதைவிட அது பெரிய காரியம். ஊரின் பசியில் ஒரு பங்கு கம்பெனி வாசலுக்கு உள்ளேயே இருக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். அந்தப் பணிகளின் பட்டியலில் முதல் இனமே பசியையும் வறுமையையும் ஒழிப்பது. இந்தப் பணத்தை ஒரு நாள் அன்னதானத்துக்கும் பேனருக்கும் கொடுக்காதீர்கள். கிடங்கு வாடகை, குளிர்பெட்டி, ஓட்டுநர் சம்பளம் என்று யாரும் படம் எடுக்க விரும்பாத செலவுகளுக்குக் கொடுங்கள். உணவு வங்கிகள் பெரும்பாலும் உணவு கிடைக்காமல் நிற்பதில்லை, டீசலுக்கும் வாடகைக்கும் இல்லாமல் நிற்கின்றன.

பணமே கொடுக்காமலும் உதவலாம். மாலைக்குப் பிறகு சும்மா நிற்கும் டாடா ஏஸ் வண்டியை வாரத்தில் இரண்டு இரவு கொடுங்கள். பழைய குடோனில் ஒரு மூலையைக் கொடுங்கள். 2014-ல் டெல்லியில் தொடங்கிய ராபின் ஹுட் ஆர்மி நன்கொடைப் பணமே வாங்குவதில்லை, ஆட்களின் நேரத்தையும் மிகை உணவையும் வைத்தே பல நகரங்களில் இயங்குகிறது. அது எல்லோருக்கும் ஒத்துவரும் வழி அல்ல, ஆனால் சிறு யூனிட் முதலாளிக்கும் இதில் இடம் உண்டு என்பதற்கு அது சான்று.

தன்னார்வலர் டூட்டி

தன்னார்வலர் என்றால் நினைத்தபோது வருகிறவர் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு வருகிறவரால் குழுவுக்குக் கஷ்டமே அதிகம். வாரத்துக்கு ஒரு இரவு என்று ஒத்துக்கொண்டால் அது டூட்டி. வர முடியாவிட்டால் மாற்று ஆள் பெயரை மதியத்துக்குள் சொல்லுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் இரவு ஓட்டத்துக்கு வரவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கிட் பிரிக்க வரட்டும். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி யாருக்கும் சோறு கொண்டுபோக வேண்டியதில்லை.

மெர்ச்சண்டைசருக்குத் தொலைபேசி மேஜை பொருந்தும். நாலு பேரை ஒரே நேரத்தில் விரட்டி வேலை வாங்குவது அவர்கள் பழக்கம். கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக வரலாம். ஆண்டுக்கு 120 மணி நேரம் அங்கே கணக்கு. அந்த மணிகளைச் சுவர் எழுத்துக்கும் பேரணிக்கும் மட்டும் செலவிடாமல் ஒரு லைன் வீட்டுத் தெருவின் பசி வரைபடம் தயாரிக்கக் கொடுத்தால் இரு பக்கமும் பயன்.

கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும், முகத்தை மறைப்பேன் என்று சொன்னாலும் எடுக்காதீர்கள். நேற்றுவரை உங்களைப் போலவே சம்பளம் வாங்கியவர் அவர், அடுத்த மாதம் உங்கள் கம்பெனியிலேயே வேலைக்கு வருவார். ஏற்றிய வண்டியையும் அடுக்கிய கிடங்கையும் எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். வீட்டு வாசலில் பெயரோடு அக்கா, அண்ணா, பாட்டி என்று கூப்பிடுங்கள். பெண்கள் விடுதிக்குப் பெண் தன்னார்வலர்கள்தான் போக வேண்டும், வார்டனிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்ற கணக்கு அறிக்கைக்கு அழகாக இருக்கும். அதோடு இன்னும் மூன்று கணக்கு வையுங்கள்: எவ்வளவு மறுத்தோம், அழைப்பிலிருந்து வாய்க்கு எத்தனை நிமிடம், எத்தனை குடும்பத்துக்கு ரேஷன் உரிமையைச் சேர்த்துக் கொடுத்து நம் பட்டியலிலிருந்து விடுவித்தோம். மூன்றாவது எண் வளர்ந்தால் குழு சரியான திசையில் போகிறது.

இதை வேலையாக எடுக்க நினைப்பவருக்கு

ஒருங்கிணைப்பாளர், கிடங்குப் பொறுப்பாளர், உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர், கம்பெனிகளில் சமூகப் பொறுப்பு அலுவலர் என்று சம்பளத்துக்குரிய பணிகள் இந்தத் துறையில் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் மெர்ச்சண்டைசிங் அளவுக்கு இருக்காது என்பதைத் தெரிந்தே வாருங்கள். படிப்பென்றால் எம்.எஸ்.டபிள்யூ. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கிலும் அதைப் படிக்கலாம். குறுகிய காலத்தில் கைகொடுப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்டாக்' பயிற்சி. உணவைக் கையாளும் அடிப்படைச் சான்றிதழை ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது வாங்கியிருக்க வேண்டும்.

பயோடேட்டாவில் "சமூக சேவையில் ஆர்வம்" என்று எழுதாதீர்கள். நேர்காணலில் அதைப் படிப்பவர் கண் அங்கே நிற்காது. எந்தப் பகுதியில், எத்தனை மாதம், எந்தப் பொறுப்பில் இருந்தீர்கள், எத்தனை பேர் கொண்ட குழுவை நடத்தினீர்கள், எந்தப் பதிவேட்டை உருவாக்கினீர்கள் என்று எழுதுங்கள். வெளிநாட்டு பையர்களின் சமூகத் தணிக்கையைச் சந்திக்கும் ஹெச்.ஆர். பிரிவுகள் தொழிலாளர் குடியிருப்பை நேரில் அறிந்த ஆளைத் தேடுகின்றன. லைன் வீட்டுத் தெருக்களில் ஓராண்டு நடந்தவருக்கு அந்த அறிவு இருக்கும், வேறெங்கும் அது கிடைக்காது.

தனியாக அமைப்பு தொடங்க அவசரப்படாதீர்கள். டிரஸ்ட் பதிவு, வருமான வரி விலக்குப் பதிவுகள், உணவுப் பதிவு, தணிக்கை என்று அதற்கே ஓர் ஆண்டு போய்விடும். முதலில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழுவில் சேர்ந்து ஒரு முகூர்த்த சீசனையும் ஒரு மே மாதத்தையும் முழுதாகப் பாருங்கள்.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் குடியிருக்கும் தெருவில் அல்லது உங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் எத்தனை அடுப்பு, எத்தனை ரேஷன் அட்டை, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், இந்த வாரம் வேலையில்லாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை உங்கள் பகுதியில் இயங்கும் உணவுக் குழுவிடம் கொடுங்கள். குழு இல்லாவிட்டால், கூட வேலை பார்ப்பவர்கள் நான்கு பேரை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டி, வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.